ஸ்டூடியோ ஆல்பம் என்றால் என்ன? ஒரு பிரிட்டிஷ் புளூஸ் இசைத்தட்டை முன்வைத்து

இலண்டன் நகரின் வடமேற்கில், வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் ரயில்வே ஹோட்டல் என்றொரு மதுக்கூடம் இருந்தது. 1960-களில் அதன் மாடியில் 'குளூக்ஸ் கிளீக்' என்ற இசை கிளப் நடந்து வந்தது. அதற்குப் பக்கத்துக் கட்டடத்தில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. 1964 டிசம்பர் 7 அன்று அந்த கிளப்பில் ஜான் மேயால் என்பவரின் 'புளூஸ்பிரேக்கர்ஸ்' குழு வாசித்தபோது, மேடையிலிருந்த மைக்குகளிலிருந்து பக்கத்துக் கட்டடத்துக்குக் கம்பி இழுத்து, அங்கிருந்த கருவிகளில் அந்தக் கச்சேரியைப் பதிவு செய்தார்கள். அதுவே மேயாலின் முதல் ஆல்பமாக 1965-இல் வெளிவந்தது.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து, 1966-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், அதே குழு புதிய கிட்டார் கலைஞர் ஒருவருடன் அந்த டெக்கா கூடத்துக்குள்ளேயே நுழைந்து, ரசிகர்கள் எவரும் இல்லாத அறையில் 12 உருப்படிகளைப் பதிவு செய்தது. 1966 ஜூலை 22 அன்று வெளியான அந்த இசைத்தட்டின் பெயர் 'புளூஸ் பிரேக்கர்ஸ்: ஜான் மேயால் வித் எரிக் கிளாப்டன்'. முதலாவது நேரடிக் கச்சேரி ஆல்பம். இரண்டாவது ஸ்டூடியோ ஆல்பம். இரண்டுக்கும் இடையில் இருந்தது ஒரு சுவர்தான் என்றாலும், அந்தச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இசை எப்படி வேறுபடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த இசைத்தட்டைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஸ்டூடியோ ஆல்பம், புளூஸ், புளூஸ் ராக் ஆகிய மூன்று சொற்களுக்கும் இதைக் கொண்டே பொருள் சொல்ல முயல்கிறேன். இசைப் பயிற்சி எதுவும் வாசகருக்குத் தேவையில்லை.

தமிழில் 'ஆல்பம்' என்றவுடன் ஒரு திரைப்படத்தின் பாடல் தொகுப்புதான் பெரும்பாலும் நினைவுக்கு வரும். அங்கே பாடல்களை இணைப்பது படத்தின் கதை. மேற்கத்திய ராக் இசையில் ஸ்டூடியோ ஆல்பத்துக்கு அப்படிப்பட்ட புறக்கதை கிடையாது. ஒரு குழு தன் பெயரில் வெளியிடுவதற்கென்றே ஒலிப்பதிவுக்கூடத்தில் வாசித்து, எது இருக்கவேண்டும், எது வேண்டாம், எது முதலில் வரவேண்டும் என்றெல்லாம் தீர்மானித்து உருவாக்கும் புதிய பதிவுகளின் தொகுதியே ஸ்டூடியோ ஆல்பம். முன்பே வெளிவந்த பாடல்களைத் திரட்டிப் போட்டால் அது தொகுப்பு ஆல்பம். மேடையில் வாசித்ததை அப்படியே எடுத்தால் அது நேரடி ஆல்பம். ஒரு குழுவின் 'மூன்றாவது ஆல்பம்', 'நான்காவது ஆல்பம்' என்று விமர்சகர்கள் எண்ணும்போது பெரும்பாலும் ஸ்டூடியோ ஆல்பங்களை மட்டுமே கணக்கில் கொள்வார்கள்.

இசைத்தட்டின் அளவும் இந்த வடிவத்தைத் தீர்மானித்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் 12 அங்குலத் தட்டில், ஒலியின் தரம் குன்றாமல் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 நிமிடங்களைப் பதிக்கலாம். ஆகவே ஓர் ஆல்பம் என்பது இரண்டு பக்கங்களாக, நடுவில் கேட்பவர் எழுந்து தட்டைத் திருப்பிப் போடும் இடைவெளியுடன், ஏறத்தாழ 40 நிமிடங்களுக்குள் அடங்கவேண்டிய ஒன்றாயிற்று. நாம் பேசும் ஆல்பத்திலும் பக்கத்துக்கு ஆறு என்று 12 உருப்படிகள் உள்ளன. இன்று கைப்பேசியில் தொடர்ச்சியாகக் கேட்பவர்கள், ஆறாவது பாடல் நீண்டு முழங்கி முடிவதையும் ஏழாவது பாடல் சட்டென்று புதிதாகத் தொடங்குவதையும் கவனித்தால், தட்டு திரும்பிய இடம் தெரியும்.

புளூஸ்: மூன்று அடி, பன்னிரண்டு பார்

புளூஸ் என்பது அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமைமுறை ஒழிந்த பின்னும் நிலக்குத்தகையிலும் வறுமையிலும் உழன்ற கறுப்பின மக்களிடையே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான பாட்டு வடிவம். வேலை தேடி இலட்சக்கணக்கானோர் சிகாகோ போன்ற வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தபோது இந்த இசையும் உடன் சென்றது. நகரத்து மதுக்கூடங்களின் இரைச்சலில் வெறும் கிட்டார் எடுபடாததால், மின்கிட்டாரும் ஒலிபெருக்கியும் புளூஸுக்குள் வந்தன. மிசிசிப்பியிலிருந்து சிகாகோவுக்கு வந்த மடி வாட்டர்ஸ் இந்த மாற்றத்தின் அடையாளமாகத் திகழ்ந்தவர்.

அதன் மிகப் பரவலான வடிவம் எளிமையானது. நான்கு எண்ணிக்கைகள் கொண்ட ஓர் ஆவர்த்தனத்தை மேற்கத்திய இசையில் 'பார்' என்பார்கள். அப்படி 12 பார்கள் சேர்ந்தால் ஒரு சுற்று. அடிநாதம் முதல் நான்கு பார்களில் சட்ஜத்தை ஆதாரமாகக் கொண்ட கார்டில், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தில், நிற்கும். அடுத்த இரண்டில் மத்யமத்துக்கு நகரும். பின் இரண்டு பார்களுக்குச் சட்ஜத்துக்குத் திரும்பும். ஒன்பதாவதில் பஞ்சமத்துக்கு ஏறி, பத்தாவதில் மத்யமம் வழியாக இறங்கி, கடைசி இரண்டில் மீண்டும் சட்ஜத்தில் வந்து அமரும். பாட்டு எத்தனை நிமிடம் நீண்டாலும் இந்தச் சுற்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். வாசிப்பவர்கள் அனைவருக்கும் சுற்று மனப்பாடம் என்பதால், முன்பின் அறியாதவர்கள்கூட மேடையில் சேர்ந்து வாசிக்க முடிகிறது.

பாட்டின் சொற்களும் இந்தச் சுற்றுக்குள் அடங்கும். முதல் அடியைப் பாடி, அதையே மறுபடி பாடி, மூன்றாவது அடியில் அதற்குப் பதில் சொல்வது வழக்கம். தமிழில் ஒன்றைக் கட்டிப் பார்த்தால் இப்படி இருக்கும்:

விடியற்காலை ரயிலேறிப் போய்விட்டாள், வீட்டில் விளக்கில்லை;
விடியற்காலை ரயிலேறிப் போய்விட்டாள், வீட்டில் விளக்கில்லை;
எண்ணெய் வாங்கக் காசிருக்கிறது, ஏற்றத்தான் கை எழவில்லை.

ஓர் அடிக்கு நான்கு பார்கள் உண்டு. ஆனால் அடியைப் பாடி முடிக்க இரண்டு பார்களே போதும். மீதி இரண்டில் கிட்டாரோ, மௌத் ஆர்கனோ, பியானோவோ பாடகருக்கு மறுமொழி சொல்லும். புளூஸில் கருவி என்பது பக்கவாத்தியம் மட்டுமல்ல, உரையாடலில் ஓர் ஆளும்கூட என்று சொல்வதன் காரணம் இதுதான். இந்த இசைக்கே உரிய சுரங்களையும் குறிப்பிட வேண்டும். 'க' சுரத்தின் இரு நிலைகளான சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் எங்கோ நின்று அழுவது போன்ற ஒரு காந்தாரத்தைப் புளூஸ் பாடகர்கள் தொடுவார்கள். பியானோவில் அதற்கெனத் தனிக் கட்டை கிடையாது. கிட்டாரில், தந்தியை விரலால் அழுத்தியபடியே பக்கவாட்டில் தள்ளி இழுத்து அதை எட்டவேண்டும். கமகத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

கடல் கடந்த தட்டுகள்

இங்கிலாந்தின் இளைஞர்கள் இந்த இசையை முதலில் அறிந்தது இறக்குமதியான இசைத்தட்டுகள் வழியாகத்தான். 1958-இல் மடி வாட்டர்ஸ் அங்கே சுற்றுப்பயணம் வந்தார்; கிராமியப் பாடகர் ஒருவரை எதிர்பார்த்து வந்திருந்தவர்களுக்கு அவருடைய மின்கிட்டாரின் சத்தம் அதிர்ச்சியாக இருந்தது. 1962 மார்ச்சில் அலெக்சிஸ் கார்னர், சிரில் டேவிஸ் இருவரும் மேற்கு இலண்டனின் ஈலிங்கில் ஒரு புளூஸ் கிளப்பைத் தொடங்கினார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு உருவானது அந்த வட்டத்திலிருந்துதான்.

ஜான் மேயால் 1933-இல் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள மெக்கிள்ஸ்ஃபீல்டில் பிறந்தவர். தொழிலால் விளம்பர ஓவியர். கார்னரின் தூண்டுதலால் 1963-இல் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தபோது அவருக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. உடன் வாசித்தவர்களோ பெரும்பாலும் அவரைவிட மிக இளையவர்கள். பாடுவது, பியானோ, ஆர்கன், மௌத் ஆர்கன் என எல்லாவற்றையும் செய்வார் என்றாலும், எந்த ஒன்றிலும் அவரை மேதை என்று சொல்ல மாட்டேன். குரல் சற்றுக் கீச்சென்றிருக்கும். அவருடைய பெருந்திறமை வேறு இரண்டில் இருந்தது: அவரிடம் இருந்த இசைத்தட்டுச் சேகரிப்பு, யாரைக் குழுவில் சேர்ப்பது என்று கண்டறியும் காது.

எரிக் கிளாப்டன் 1965 மார்ச்சில் யார்ட்பேர்ட்ஸ் குழுவை விட்டு விலகினார். அக்குழு வெளியிட்ட 'ஃபார் யுவர் லவ்' என்ற பாடல் வானொலியில் வெற்றி பெற்றுக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வெற்றி புளூஸை விட்டு விலகிப் போவதாக அவருக்குப் பட்டது. அடுத்த மாதமே மேயால் அவரை அழைத்துக்கொண்டார். கிளாப்டன் மேயாலின் வீட்டிலேயே தங்கி, அந்தத் தட்டுகளை நாள்கணக்கில் கேட்டுக் கேட்டு வாசித்துப் பழகினார். அடுத்த சில மாதங்களில் இலண்டனின் இஸ்லிங்டன் பகுதிச் சுவர் ஒன்றில் 'கிளாப்டனே கடவுள்' என்று யாரோ எழுதிவைக்கும் அளவுக்கு அவருடைய கிளப் கச்சேரிகள் பேசப்பட்டன. கிளாப்டனுடன் எடுக்கும் முதல் ஆல்பமும் நேரடி ஆல்பமாகவே இருக்கவேண்டும் என்று மேயால் நினைத்ததில் வியப்பில்லை. ஃபிளமிங்கோ கிளப்பில் அதற்காகப் பதிவும் செய்து பார்த்தார்கள். ஒலித்தரம் சரியாக வரவில்லை. வேறு வழியின்றித்தான் ஸ்டூடியோவுக்குள் போனார்கள் என்பதை மனத்தில் கொள்ளவேண்டும், ஏனெனில் கைநழுவிய அந்தக் கச்சேரியை அறைக்குள் மீட்டெடுக்கும் முயற்சியாகவே இந்த ஆல்பம் அமைந்தது.

சத்தத்தைக் குறைக்க மறுத்த கிட்டார்

தயாரிப்பாளர் மைக் வெர்னான். ஒலிப்பதிவாளர் கஸ் டட்ஜன். பேஸ் கிட்டாரில் ஜான் மெக்வீ, டிரம்ஸில் ஹியூயி ஃபிளின்ட். (அதே டெக்கா கூடம் 1962 புத்தாண்டு நாளில் ஒரு லிவர்பூல் குழுவுக்குத் தேர்வு வைத்து, வேண்டாம் என்று திருப்பியனுப்பியது. அந்தக் குழு பீட்டில்ஸ்.) வெர்னான், டட்ஜன் இருவர் பொறுப்பையும் பிரித்துச் சொல்வதானால், எதை வாசிப்பது, எந்த முறை வாசித்தது சிறந்தது, எப்போது போதும் என்பது தயாரிப்பாளரின் வேலை; அறையில் எழும் ஒலியை மைக்குகள் வழியாக ஒலிநாடாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒலிப்பதிவாளரின் வேலை.

அக்காலத்து வழக்கப்படி, ஸ்டூடியோவுக்கு வரும் கிட்டார் கலைஞர் தம் ஆம்ப்ளிஃபையரின் சத்தத்தைத் தாழ்த்தி வைப்பார். மைக் அதன் ஒலிபெருக்கிக்கு மிக அருகில் வைக்கப்படும். சத்தம் கூடினால் அது டிரம்ஸுக்கு வைத்த மைக்கிலும் பாடகரின் மைக்கிலும் கசிந்து கலந்துவிடும். பிறகு ஒன்றை மட்டும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அப்போதைய பிரிட்டிஷ் ஸ்டூடியோக்களில் ஒலிநாடாவில் ஒலிகளைத் தனித்தனியாகப் பதிக்க நான்கு தடங்கள் மட்டும் இருப்பதே வழக்கம் என்பதால் இந்தக் கவலை நியாயமானதே. அத்துடன், அதிகச் சத்தத்தில் ஆம்ப்ளிஃபையர் கரகரக்கும். அது பழுது என்றே கருதப்பட்டது.

கிளாப்டன் கேட்டது நேர்மாறானது. கிளப் மேடையில் எவ்வளவு சத்தத்தில் வாசிப்பாரோ அதே சத்தத்தில்தான் வாசிப்பேன் என்றார். மைக்கை ஆம்ப்ளிஃபையரின் வாயருகில் வைக்காமல், அறையில் சற்றுத் தள்ளி வைக்கச் சொன்னார். டட்ஜனுக்கு முதலில் இதை எப்படிப் பதிவு செய்வது என்றே புரியவில்லை; இறுதியில் விட்டுக்கொடுத்தது கிட்டார் கலைஞர் அல்ல.

இதனால் என்ன கிடைத்தது என்பதைப் புரிந்துகொள்ளக் கருவிகளைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். அவர் வாசித்தது கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் ஸ்டாண்டர்ட் என்னும் கனத்த மரக் கிட்டார். 1958 முதல் 1960 வரை மட்டும் மஞ்சளும் சிவப்பும் கலந்த வண்ணப்பூச்சுடன் வந்து, போதிய விற்பனை இல்லாததால் நிறுத்தப்பட்ட வகை அது. ஆம்ப்ளிஃபையர், மேற்கு இலண்டனின் ஹான்வெல்லில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலின் தயாரிப்பு. 12 அங்குல ஒலிபெருக்கிகள் இரண்டும் மின்பகுதியும் ஒரே பெட்டிக்குள் அமைந்தது. கார் டிக்கிக்குள் அடங்கும்படி ஒன்று வேண்டும் என்று கிளாப்டன் கேட்டதால்தான் அது பிறந்தது என்றும் சொல்வதுண்டு.

அந்த ஆம்ப்ளிஃபையர் கண்ணாடி வால்வுகளில் இயங்குவது. கிட்டார் தந்தியின் அதிர்வு, மேலும் கீழும் வளைந்து செல்லும் மின்னலையாக அதற்குள் நுழைகிறது. சத்தத்தைக் கூட்டக் கூட்ட அலையின் உயரமும் கூடும். ஓர் எல்லைக்கு மேல் வால்வுகளால் அந்த உயரத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. அலையின் முகடும் பள்ளமும் மழுங்கித் தட்டையாகும். மழுங்கிய அந்த அலையில், வாசித்த சுரத்துடன் அதன் மேற்சுரங்களும் தலைகாட்டுவதால் ஒலி தடிப்பாகிறது. இன்னொரு விளைவு அதைவிட முக்கியமானது. தந்தியை மீட்டியவுடன் எழும் பெரும் அதிர்வு எல்லையில் தடுக்கப்படுகிறது. அதிர்வு மெல்ல அடங்கும்போதும் அது எல்லைக்கு அருகிலேயே இருப்பதால், காதுக்குச் சத்தம் குறைந்ததாகத் தெரிவதில்லை. சாதாரணமாக 'டங்' என்று எழுந்து மறையும் கிட்டாரின் சுரம், வயலினில் வில் இழுப்பது போல நீண்டு நிற்கிறது. நீண்டு நிற்கும் சுரத்தைத்தான் இழுக்கவும் அசைக்கவும் முடியும். அதாவது பாட வைக்க முடியும். பழுது என்று ஒதுக்கப்பட்ட கரகரப்பு, புளூஸ் பாடகரின் குரலுக்கு ஈடாக நிற்கும் குரலைக் கிட்டாருக்குத் தந்தது.

புளூஸ் ராக் என்பது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று நான் கருதுகிறேன். பாட்டின் வடிவம் மாறவில்லை. அதே 12 பார், அதே மூன்றடி. பாடகருக்கும் கிட்டாருக்கும் இடையிலான எடைதான் மாறிவிட்டது. இரண்டு பார்களில் மறுமொழி சொல்லிக்கொண்டிருந்த கருவி, இப்போது சபையின் நடுவில் வந்து அமர்ந்து, சுற்றுச் சுற்றாகத் தானே பேசுகிறது. அமெரிக்காவில் சத்தமும் கரகரப்பும் ஏற்கெனவே இருந்தன என்பதையும் மறக்கக்கூடாது. இங்கே புதிதாக நிகழ்ந்தது, அந்தச் சத்தத்தை ஒரு ஸ்டூடியோ ஆல்பத்தின் மையத்தில் வேண்டுமென்றே நிறுத்தியதுதான்.

பாடல்களைக் கேட்கும் முறை

முதல் பாடல் 'ஆல் யுவர் லவ்'. சிகாகோவின் ஓடிஸ் ரஷ் 1958-இல் பதிவு செய்தது. தொடக்கத்தில் தாளம் லத்தீன் அமெரிக்க நடையில் தயங்கித் தயங்கி நகர்கிறது; சுருதியும் சோகமானது. நடுவில் குழு ஒரு கணம் நின்று, திடீரென்று 'ஷஃபிள்' எனப்படும் துள்ளுநடைக்கு மாறுகிறது. 'தகிட' என்ற திஸ்ர நடையில் நடு எழுத்தை விழுங்கிவிட்டு முதலையும் கடையையும் மட்டும் சொல்லிப் பாருங்கள், அதுதான் ஷஃபிள். அந்த மாற்றத்தின் மீது கிட்டார் பாய்ந்து ஏறுவதையும், சில சுற்றுகளுக்குப் பிறகு எதுவும் நடவாதது போல முதல் நடைக்கே திரும்பிவிடுவதையும் கவனிக்கவேண்டும். ஆல்பத்தை இந்தப் பாடலில் தொடங்கியதே ஒரு தீர்மானம்: முதல் சில நொடிகளிலேயே அந்தக் கிட்டாரின் குரல் கேட்பவருக்கு அறிமுகமாகிவிடுகிறது.

இரண்டாவது 'ஹைடவே'. குரலே இல்லாத உருப்படி. ஃபிரெடி கிங் 1961-இல் வெளியிட்டது. சிகாகோவிலிருந்த ஒரு மதுக்கூடத்தின் பெயர் அது. 12 பார் சுற்று ஒவ்வொன்றிலும் வேறொரு சிறு மெட்டு வந்து போகும். அவற்றில் சில பிறரிடமிருந்து எடுத்தவை, 'பீட்டர் கன்' என்ற தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசைகூட ஓரிடத்தில் தலைகாட்டும். புளூஸில் இப்படிக் கடன் வாங்குவது குற்றமல்ல. புதிதாகக் கேட்பவர், பாடல் வரியின் துணையில்லாமல் 12 வரை எண்ணிப் பழகுவதற்கு இதைவிட நல்ல உருப்படி இல்லை.

ஐந்தாவதாக வரும் 'டபுள் கிராசிங் டைம்' மெதுவான புளூஸ். மேயாலும் கிளாப்டனும் சேர்ந்து எழுதியது. சில வாரங்கள் குழுவில் பேஸ் வாசித்த ஜாக் புரூஸ், அதிக வருவாய் தரும் மான்ஃபிரெட் மான் குழுவுக்குப் போய்விட்ட கோபத்தில் எழுதப்பட்டது. முதலில் இட்ட தலைப்பில் 'மான்' என்ற பெயரே இருந்தது, பிறகு நாகரிகம் கருதி மாற்றிக்கொண்டார்கள். காதலி துரோகம் செய்ததாகப் பாடும் மரபை ஒரு பேஸ் கலைஞருக்கு எதிராகத் திருப்பிவிட்ட குறும்பு எனக்குப் பிடித்தமானது. அதே ஜாக் புரூஸுடன் கிளாப்டன் சில மாதங்களில் 'கிரீம்' குழுவைத் தொடங்கியது தனிக்கதை.

முதல் பக்கத்தின் கடைசிப் பாடல் 'வாட்'ட் ஐ சே'. ரே சார்லஸின் புகழ்பெற்ற 1959-ஆம் ஆண்டுப் பாடல். நடுவில் ஹியூயி ஃபிளின்ட் தனியாக டிரம்ஸ் வாசிக்கிறார். முடியும் தறுவாயில் பீட்டில்ஸின் 'டே டிரிப்பர்' பாடலின் கிட்டார் மெட்டு எட்டிப் பார்க்கிறது. மேடையில் இது ஆரவாரத்தை எழுப்பியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆளில்லாத அறையில் பதிவான தனி டிரம்ஸ் வாசிப்பு எனக்கு ஒவ்வொரு முறையும் நீளமாகவே தோன்றுகிறது. கிளப்பிலிருந்து ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தவை எல்லாம் பிழைத்துவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாம் பக்கத்தின் சிகரம் 'ஹாவ் யூ ஹர்ட்'. மேயால் எழுதியது; ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக நீளும் மெதுவான புளூஸ். சாக்ஸபோன் தொடங்கிவைக்க, மேயாலின் குரல் தன் மனக்குறையைச் சொல்லிக்கொண்டே போகிறது. பின்னர் கிளாப்டன் நுழையும் இடத்தில் அந்த மைக்கைத் தள்ளி வைத்ததன் பயன் முழுவதும் தெரிகிறது: சுரங்கள் அறையின் சுவரில் மோதித் திரும்பி வருவது போன்ற ஓர் ஆழம். அவர் அவசரமாக வாசிக்கும் இடங்களைவிட, ஓர் உச்ச சுரத்தைத் தள்ளி இழுத்துப் பிடித்துக்கொண்டு, அது தானாக நடுங்குவதுபோல் விரலை அசைத்து நிற்கும் இடங்களைக் கேளுங்கள். வேகமாக வாசிப்பவர்கள் பிறகு நிறையப் பேர் வந்துவிட்டார்கள்; அந்த நிற்றல் இன்றும் எளிதில் கைவருவதில்லை.

அதற்கடுத்த 'ராம்ப்ளின் ஆன் மை மைண்ட்' முற்றிலும் எதிர்த்திசையில் போகிறது. 1936 நவம்பரில் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ராபர்ட் ஜான்சன் தனியொருவராகக் கிட்டாருடன் பாடிப் பதிவு செய்த பாடல் இது. இங்கே மேயாலின் பியானோவும் கிளாப்டனின் கிட்டாரும் மட்டுமே, பாடுபவர் கிளாப்டன். முன்னணிக் குரலாக அவர் பதிவு செய்த முதல் பாடல் இதுதான். 21 வயது இளைஞர் தயக்கத்துடன், ஏறக்குறைய மன்னிப்புக் கேட்கும் குரலில் பாடுகிறார். பெருஞ்சத்தத்துக்காக அத்தனை பிடிவாதம் பிடித்தவர் இவரா என்று தோன்றும். இந்த இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்து வைத்தவரின் காதைப் பாராட்டவேண்டும்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 'பார்ச்மன் ஃபார்ம்' பாடலில் மேயாலின் மௌத் ஆர்கன் முன்னால் நிற்கிறது; மிசிசிப்பி மாநிலச் சிறைச்சாலையின் பெயர் அது. 'ஸ்டெப்பின் அவுட்' கிட்டாருக்கென்றே அமைந்த துள்ளலான உருப்படி. 'லிட்டில் கர்ல்', 'கீ டு லவ்' இரண்டும் மேயாலின் சொந்தப் பாடல்கள். குறையில்லை, நினைவிலும் அதிகம் தங்குவதில்லை.

வெளிவந்த பிறகு

ஆல்பம் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஆறாம் இடம்வரை ஏறியது. வானொலியில் ஒலிக்கும் தனிப்பாடல் வெற்றி எதுவும் கைவசம் இல்லாத குழுவுக்கு இது பெரிய எண்ணிக்கை. அட்டைப் படத்தில் நால்வரும் ஒரு சுவரை ஒட்டி அமர்ந்திருக்க, கிளாப்டன் மட்டும் கேமராவைப் பார்க்காமல் 'பீனோ' என்ற சிறுவர் சித்திரக்கதை இதழை விரித்து வைத்துக்கொண்டிருக்கிறார். ரசிகர்கள் இதை இன்றும் 'பீனோ ஆல்பம்' என்றே அழைக்கிறார்கள்.

தட்டு கடைக்கு வந்தபோது கிளாப்டன் குழுவில் இல்லை. கிரீம் குழுவின் ஒத்திகையின்போது அந்த லெஸ் பால் கிட்டாரும் திருடு போயிற்று. ஆனால் அந்த ஒலியைக் கேட்டவர்கள் பழைய லெஸ் பால்களைத் தேடி அலையத் தொடங்கினார்கள். கிப்சன் நிறுவனம் 1968-இல் அந்த வடிவத்தை மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. அந்த மார்ஷல் ஆம்ப்ளிஃபையருக்குக் குழுவின் பெயரே ஒட்டிக்கொண்டு, 'புளூஸ்பிரேக்கர்' என்றே இன்றும் கடைகளில் கேட்கிறார்கள்.

மேயால் அடுத்து அழைத்துவந்தது பீட்டர் கிரீன் என்ற இளைஞரை. அடுத்த ஆல்பத்துக்காக டெக்கா கூடத்துக்கு வந்த வெர்னான், அங்கே அறிமுகமில்லாத ஓர் ஆம்ப்ளிஃபையரைக் கண்டு, எரிக் எங்கே என்று கேட்டாராம். அவர் போய்விட்டார், இவர் இன்னும் மேல் என்று மேயால் சாவதானமாகச் சொன்னாராம். 1967-இல் கிரீன், டிரம்ஸ் கலைஞர் மிக் ஃபிளீட்வுட்டுடனும் பிறகு மெக்வீயுடனும் சேர்ந்து ஃபிளீட்வுட் மேக் குழுவைத் தொடங்கினார். கிரீனுக்குப் பின் வந்த மிக் டெய்லர் 1969-இல் ரோலிங் ஸ்டோன்ஸுக்குப் போனார். மேயால் ஒவ்வொரு முறையும் அடுத்த ஆளைத் தேடிக்கொண்டு, எண்பது வயதைத் தாண்டியும் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் மறைந்தது 2024 ஜூலை 22, இந்தத் தட்டு வெளியான அதே தேதி.

கேட்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முதலில் ஃபிரெடி கிங்கின் 'ஹைடவே'யைக் கேட்டு, உடனே கிளாப்டனின் 'ஹைடவே'யைக் கேளுங்கள். மெட்டு ஒன்றே, சுற்றும் ஒன்றே, நீளத்திலும் பெரிய வேறுபாடில்லை. ஃபிரெடி கிங்கின் கிட்டார் தெளிவாக, நகைச்சுவையுடன், நடனத்துக்கு இடம் விட்டு வாசிக்கிறது. கிளாப்டனுடையது தடித்து, பொறுமையிழந்து, ஒவ்வொரு சுரத்தின் விளிம்பிலும் சற்றே கிழிந்து வருகிறது. எது சிறந்தது என்று கேட்டால் நான் ஃபிரெடி கிங்கின் பக்கம்தான் சாய்வேன். இரண்டாவது பதிவு தொடங்கிய முதல் நொடியிலேயே அது வேறொரு அறை என்று உங்கள் காது சொல்லிவிடும்.